களவு போனால் எதை எழுதிக் கொடுப்பது

கடமலைக்குண்டிலிருந்து வருசநாடு வரை மூல வைகையின் இரு கரையிலும் தென்னையும் காய்கறியும் கிணற்று மோட்டாரை நம்பியே நிற்கின்றன. அந்த மோட்டாருக்குப் போகும் செம்புக்கம்பி வயரை இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போவது தமிழ்நாட்டுக் கிணற்றுப் பாசனக்காரர்களுக்குப் பழக்கமான இழப்பு. காலையில் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வராது. போய்ப் பார்த்தால் உரித்துப்போட்ட உறை மட்டும் வரப்பில் கிடக்கும். "வயரைக் களவாண்டுட்டுப் போயிட்டாய்ங்க" என்றால் ஊருக்குப் போதும். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்கும் கேள்வி வேறு. வயர் வெளியே கிடந்ததா, மோட்டார் ரூமுக்குள் இருந்ததா? ரூம் பூட்டியிருந்ததா? வயர் என்ன விலை பெறும்?

இந்த மூன்று கேள்விக்கும் சொல்லும் பதிலை வைத்தே வழக்குப் பிரிவு அமைகிறது. தண்டனை எத்தனை ஆண்டு, போலீஸ் தானாக விசாரிக்கலாமா, நடுவரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதெல்லாம் அந்தப் பிரிவைப் பொறுத்தது. ஆகவே எஃப்.ஐ.ஆரில் ‘தெஃப்ட்’ என்று விழும் அந்த ஒரு சொல்லுக்குச் சட்டம் என்ன பொருள் வைத்திருக்கிறது என்று பொருளைப் பறிகொடுத்தவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சட்டம் சொல்லும் தெஃப்ட்

1862 முதல் நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டின் விளக்கம் 378-ஆம் பிரிவிலும் தண்டனை 379-ஆம் பிரிவிலும் இருந்தன. ஸ்டேஷன், கோர்ட் என்று அலைந்த பழைய ஆட்கள் இன்றும் ‘379 கேஸ்’ என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 303-ஆம் பிரிவுதான் இப்போதைய தெஃப்ட். எண் மாறினாலும் விளக்கம் ஏறக்குறைய பழையதே: ஒருவர் கைவசம் இருக்கும் அசையும் பொருளை, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துக்கொள்வதற்காக நகர்த்துவது.

இதில் ‘கைவசம்’ என்பதைக் கவனிக்க வேண்டும். பொருளின் சொந்தக்காரர் யார் என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. அது யார் கையில் இருந்தது என்றே கேட்கிறது. கிடையில் அடைத்திருந்த ஆட்டை யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டால், ஆட்டுக்குச் சொந்தக்காரர் வெளியூரில் இருந்தாலும் கிடை போட்டவரே புகார் கொடுக்கலாம். இந்த விதி மறுபக்கமும் வெட்டும். அடகு வைத்த கைக்கடிகாரத்தைக் கடனை அடைக்காமலேயே அடகு வாங்கியவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்தால், கடிகாரம் தன்னுடையதாகவே இருந்தாலும் அது திருட்டு என்று சட்டப் புத்தகத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. தோப்பைக் குத்தகைக்கு விட்டுப் பணமும் வாங்கிவிட்டு, காய்ப்பு நன்றாக இருக்கிறது என்று ஆள் வைத்துக் காய் இறக்கும் தோப்புக்காரர் இந்த எடுத்துக்காட்டை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

‘அசையும் பொருள்’ என்பதால் நிலம் களவு போகாது. வரப்பைத் தள்ளிப் போட்டால் அது அத்துமீறல், ஆக்கிரமிப்பு. அதற்கு வேறு பிரிவுகளும் சிவில் வழக்கும் இருக்கின்றன. ஆனால் மரத்தில் தொங்கும் தேங்காயும் நிலத்தில் நிற்கும் மரமும் வெட்டப்படும் வரைதான் நிலத்தைச் சேர்ந்தவை. அரிவாள் பட்டுப் பிரிந்த நொடியில் அசையும் பொருளாகிவிடுகின்றன. வெட்டும் செயலும் நகர்த்தும் செயலும் ஒன்றாகவே நடந்தாலும் திருட்டுதான். இறக்கிய காயைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆள் பிடிபட்டாலும், தோப்பை விட்டு வெளியே போகவில்லையே என்ற வாதம் நிற்காது.

சம்மதத்தை எப்போதும் வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் தோட்டத்து மண்வெட்டியைக் கேட்காமல் எடுத்து வேலை முடித்துத் திரும்ப வைப்பது பல வருடப் பழக்கமாக இருந்தால் சம்மதம் இருந்ததாகவே கொள்ளப்படும். அதே பக்கத்துத் தோட்டக்காரரோடு பேச்சுவார்த்தை நின்றுபோன பிறகு எடுத்தால் கதை வேறு.

‘திருப்பிக் கொடுத்துவிட்டேனே’ என்ற சமாதானத்துக்கும் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. ராஜஸ்தான் மாநிலம் ஆல்வாரில் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் ஒரு கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தெரிந்தவரிடம் கொடுத்தார். அவர் உள்ளே இருந்த தாள்களை மாற்றி வைத்த பிறகு மறுநாள் கோப்பு அலுவலகத்துக்கே திரும்பி வந்துவிட்டது. பியாரே லால் பார்கவா வழக்கு என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் அந்த வழக்கில், சிறிது நேரத்துக்கு எடுத்தாலும் திருட்டுதான் என்று தீர்ப்பாயிற்று. அதற்கும் முன்னால், 1952-இல், ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிக் கல்லூரியின் பயிற்சி வீரர் மெஹ்ரா இன்னொருவரோடு அனுமதி இல்லாமல் ஒரு ஹார்வர்டு விமானத்தை ஓட்டிப்போய்ப் பாகிஸ்தானில் இறக்கினார். விமானத்தைத் தனதாக்கிக்கொள்ளும் எண்ணம் தனக்கு இல்லை என்று வாதிட்டார். 1957-இல் உச்ச நீதிமன்றம் அதையும் திருட்டு என்றே உறுதி செய்தது. ‘ஒரு ரவுண்டு போயிட்டு வந்து நிறுத்திடுறேன்’ என்று அடுத்தவர் பைக்கை எடுக்கும் இளைஞர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் இந்த வழக்கைச் சொல்லலாம்.

தெஃப்ட் ஆகாதவை

வாரத்துக்கு ஆடு வளர்க்க வாங்கியவர் அதை விற்றுத் தின்றுவிட்டால் ஊர் அவரைக் களவாணி என்று சொல்லும். சட்டம் அதை நம்பிக்கை மோசடி என்கிறது, பிரிவு 316. காரணம், ஆடு அவர் கைக்கு சம்மதத்தோடு போயிருக்கிறது. சீட்டுப் பணம், ஏலக்காய்க் கமிஷன் கடையில் விட்டுவைத்த சரக்கு, உறவினரிடம் கொடுத்துவைத்த நகை எல்லாம் இந்த வகை. சம்பளத்துக்கு இருக்கும் வேலையாள் முதலாளி பொருளை எடுத்தால் மட்டும் அது திருட்டுக் கணக்கில் வருகிறது. அதற்குத் தனிப் பிரிவு 306. ஏழு ஆண்டு வரை தண்டனை.

ரோட்டில் கிடந்த மோதிரம் அப்போது யார் கைவசமும் இல்லை. எடுத்தது திருட்டாகாது. ஆனால் உரியவரைத் தேடாமல் விற்றுக் காசாக்கினால் 314-ஆம் பிரிவின்படி கையாடல். பஸ் சீட்டில் விட்டுவிட்டுப் போன கைப்பைக்கும் பொதுவாக இதே வழிதான்.

ஓ.டி.பி. வாங்கிக் கணக்கிலிருந்து பணம் உருவுகிறவர்களைப் பற்றி ‘பணத்தைத் திருடிட்டாய்ங்க’ என்று சொல்கிறோம். அங்கே நடப்பது ஏமாற்று. 318-ஆம் பிரிவும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் வரும். அந்த நேரத்தில் பிரிவு எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசிவிட வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்னால் நிறுத்த முடிந்தால் உண்டு.

தவணை கட்டாத டிராக்டரை ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துப்போனால் திருட்டுப் புகார் நிற்பது கடினம். ஒப்பந்தப்படி வண்டியைத் திரும்ப எடுப்பது திருட்டாகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் சொல்லிவிட்டது. அடியாள் வைத்து மிரட்டியோ அடித்தோ பிடுங்கினால் அந்த மிரட்டலுக்கும் அடிக்கும் புகார் கொடுக்கலாம். அதைத் ‘திருட்டு’ என்று எழுதினால் நியாயமான புகார்கூடத் தள்ளுபடியாகும்.

மின்சாரம் ஒரு தனிக் கதை. கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பதைத் திருட்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். மின்சாரம் ‘அசையும் பொருள்’ அல்ல என்பதால் பொதுத் திருட்டுப் பிரிவில் அது அடங்காது என்று அவதார் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆகவே மின்சாரத்துக்கென்றே இருக்கும் சட்டத்தில் அது குற்றமாகிறது. இப்போது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு.

மணலோ இரண்டு பக்கமும் மாட்டும். வருசநாட்டு மலையில் பிறந்து கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாக இறங்கும் மூல வைகையில் மழை பெய்த சில நாள் தவிர மற்ற நேரமெல்லாம் மணல்தான் தெரியும். அந்த மணலுக்கு அடியில் ஓடும் ஊற்றுத் தண்ணீரைத்தான் ஆற்றுக்குள் இறக்கிய உறைகிணறுகள் குடிநீராக எடுத்துத் தருகின்றன. மணலை அள்ள அள்ள ஊற்று கீழே இறங்குகிறது. கரையோரக் கிணறும் வற்றுகிறது. மாட்டு வண்டியோ டிராக்டரோ, அனுமதி இல்லாமல் அள்ளினால் கனிமச் சட்டம் 1957-இன் 21-ஆம் பிரிவு பாயும். ஐந்து ஆண்டு வரை சிறையும் வண்டிப் பறிமுதலும் அதில் உண்டு. அந்தச் சட்டம் இருப்பதால் திருட்டு வழக்குப் போட முடியாது என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். ஆற்றுப் படுகையிலிருந்து அரசு மணலைச் சம்மதம் இல்லாமல் எடுப்பது திருட்டும் ஆகும், இரண்டு வழக்கும் தனித்தனியே நிற்கும் என்று 2014 செப்டம்பரில் டெல்லி அரசு – சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அரசுச் சொத்தைத் திருடுவதற்கு இப்போது 305-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. மணல் புகாரைத் தாசில்தாருக்கும் போலீசுக்கும் ஒரே நாளில் எழுத்தில் கொடுத்து, இரண்டு இடத்திலும் ரசீது வாங்குவது நல்லது. வண்டி எண், நேரம், ஆற்றில் எந்த இடம் என்ற மூன்றும் இருந்தால் அந்தப் புகாரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஐயாயிரம் ரூபாய்க் கோடு

புதுச் சட்டத்தில் ஏழை எளியவர்கள் அவசியம் அறிய வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. களவு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, வழக்கு சாதாரணத் திருட்டாக இருந்தால், போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது. புகாரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, நடுவரின் உத்தரவு பெற்ற பிறகே புலனாய்வு செய்யலாம். முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சிறைக்குப் பதில் சமூக சேவைதான் தண்டனை. பசிக்குத் திருடியவரைச் சிறையில் தள்ள வேண்டாம் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் இரண்டு வெள்ளாட்டுக் குட்டியும் நாலு கோழியும் மட்டுமே சொத்தாக உள்ள மூதாட்டிக்கு அந்த இழப்பு சின்னது அல்ல. அவர் புகாருக்கு அலைச்சல் கூடிவிட்டது.

இங்கேதான் எடுத்த இடம் முக்கியமாகிறது. வீட்டுக்குள்ளிருந்தோ, பொருள் பாதுகாக்கும் கட்டடத்திலிருந்தோ எடுத்தால் அது 303 அல்ல, 305. இந்த ஐயாயிரம் ரூபாய்க் கோடு அங்கே இல்லை. ஆளோ சரக்கோ ஏற்றிச்செல்லும் வண்டியைத் திருடுவது, வண்டியிலிருந்து சரக்கை எடுப்பது, கோயில் சிலையைத் திருடுவது எல்லாம் 305-க்குள்தான். பூட்டிய மோட்டார் ரூமை இரவில் உடைத்து உள்ளே போயிருந்தால், போலீஸ் பாஷையில் கன்னக்களவு என்ற வகையில் 331-ஆம் பிரிவும் சேரும். திருடும் நோக்கம் இருந்தால் 14 ஆண்டு வரை. ஆகவே ‘மோட்டார் வயர் திருட்டு’ என்று மட்டும் எழுதிவிட்டு உடைந்த பூட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் வழக்கு பாதி பலத்தை இழக்கிறது. பூட்டைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, போட்டோ எடுத்துவைக்க வேண்டும்.

நடந்துபோகிறவரின் கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பைக்கில் பறப்பதற்கு இப்போது 304 என்ற தனிப் பிரிவு வந்துவிட்டது. தாக்கியோ, கத்தியைக் காட்டி உயிர்ப் பயம் ஏற்படுத்தியோ எடுத்தால் 309, கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் 310, கூட்டுக்கொள்ளை. பூட்டிய வீட்டில் நகை போனதைப் பத்திரிகைகள் ‘கொள்ளை’ என்றுதான் போடுகின்றன. அதைப் பார்த்துப் புகாரிலும் அப்படியே எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். எந்தப் பிரிவு என்று முடிவு செய்வது போலீஸின் வேலை.

மனு எழுதும்போது

புகார் தமிழில், சொந்த வார்த்தையில் இருக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதிகாரி எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாகப் பொருளை யார், எப்போது பார்த்தார்கள் என்பதும், காணோம் என்று எப்போது தெரிந்தது என்பதும் கட்டாயம் வர வேண்டும். இந்த இரண்டு நேரத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் விசாரணை நடக்கப்போகிறது. அடுத்து இடம். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. யார் தோட்டத்துக்கு எந்தப் பக்கம், எந்தக் கிணறு என்று தெரியும்படி எழுத வேண்டும். பைக் என்றால் பதிவெண்ணோடு இன்ஜின், சேசிஸ் எண். மாடு என்றால் நிறம், கொம்பு, சுழி ஆகியவற்றோடு கால்நடைத் துறை காதில் போட்ட தோட்டின் 12 இலக்க எண். செல்போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண்; பெட்டியிலோ பில்லிலோ இருக்கும். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்திப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்வதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த எண்ணும் புகார் நகலும் இருந்தால், 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இயங்கும் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கிவிடலாம். யாராவது வேறு சிம் போட்டால் தடம் தெரியும்.

மதிப்பு எழுதும்போது உண்மையான இன்றைய மதிப்பையே எழுத வேண்டும். ஐயாயிரத்தைத் தாண்ட வேண்டுமென்று கூட்டி எழுதினால் கோர்ட்டில் அந்த ஒரு பொய் மொத்தப் புகாரையும் தின்றுவிடும். பில் இல்லாவிட்டால் வாங்கிய கடை, வருடம், கொடுத்த தொகையைச் சொல்லலாம்.

‘தொலைந்துவிட்டது’, ‘தவறவிட்டேன்’ என்று எழுதித் தரும்படி யாராவது சொன்னால் நின்று யோசிக்க வேண்டும். ரேஷன் கார்டோ சான்றிதழோ உண்மையிலேயே தொலைந்தது என்றால் சரி. அதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம். பறித்துக்கொண்டு போன போனைத் ‘தவறவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அங்கே குற்றமே நடக்கவில்லை என்று புகார்தாரரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. மனு வந்து சேர்ந்ததற்கு அடையாளம் முதலாவது. வழக்கு பதிவானதற்கு அடையாளம் இரண்டாவது. வண்டி இன்சூரன்ஸ் கோரிக்கைக்கு இரண்டாவதுதான் வேண்டும். கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் கோர்ட்டில் கொடுக்கும் இறுதி அறிக்கையையும் பின்னால் கேட்பார்கள். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் வண்டித் திருட்டுக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தால் கம்பெனிக்கும் அன்றே தகவல் கொடுப்பது நல்லது. போலீசில் உடனே புகார் பதிந்திருந்தால், கம்பெனிக்குத் தகவல் தாமதமானதை மட்டும் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை நினைவில் வைத்திருக்கலாம்.

தேனி பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பறிகொடுத்த கடமலைக்குண்டுக்காரர் சொந்த ஊர் ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். எல்லை பார்க்காமல் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டம். இணைய வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களில் டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தப் போலீசுக்கு அதிகாரம் உண்டு. சாதாரணத் திருட்டும் அந்த வரம்புக்குள் வருகிறது. அதற்கு மேலும் அசையாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதுவும் பலிக்காவிட்டால் நடுவர் மன்றத்தில் மனு. பதிவான வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டியதும் போலீஸின் கடமை.

துப்புக்கூலி

வண்டியோ மாடோ போன மூன்றாம் நாள் யாராவது ஒருவர் வந்து, ‘எனக்குத் தெரிஞ்ச பயலுக கிட்டத்தான் இருக்கு, பத்தாயிரம் குடுத்தா ராத்திரியே கொண்டாந்து விட்டுருவாய்ங்க’ என்று சொல்வதுண்டு. இந்தப் பக்கத்தில் இந்தப் பேரத்துக்கு நூறு வருடத்துக்கும் மேலான பெயர் இருக்கிறது: துப்புக்கூலி. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெஜட்டியரில் அதைத் தொகுத்த ஃபிரான்சிஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். மாட்டை இழந்தவர் இடையாளிடம் கூலி கொடுப்பார். சொன்ன இடத்தில் மாடு கட்டிக் கிடக்கும். யார் ஓட்டிப்போனது என்ற பேச்சே வராது.

களவு போன பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவது இன்றைய சட்டத்தில் 252-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை தண்டனை. திருடனைப் பிடித்துக்கொடுக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தவருக்கு மட்டும் விலக்கு. விளைச்சல் நேரத்தில் டிராக்டர் இல்லாமல் தவிக்கும் விவசாயி அந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்கத் துடிப்பது புரிகிறது. ஆனால் அவர் கொடுக்கும் பணம்தான் அடுத்த தோட்டத்து வண்டி களவு போவதற்கு முதலீடு. கேட்டு வருபவரின் பேச்சையும் போன் எண்ணையும் அப்படியே விசாரணை அதிகாரியிடம் சேர்ப்பதே வழக்குக்கு உதவும்.

வாங்குகிறவரும் கவனமாக இருக்க வேண்டும். அடிமாட்டு விலைக்கு வரும் ஆடு, ஆர்.சி. புக் ‘பிறகு தருகிறேன்’ என்ற பைக், உறை உரித்த செம்புக்கம்பி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் 317-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை. களவு போன சில நாளிலேயே அந்தப் பொருள் ஒருவர் கையில் அகப்பட்டு, எப்படி வந்தது என்று அவர் கணக்குச் சொல்லாவிட்டால், அவரே திருடியதாகவோ தெரிந்து வாங்கியதாகவோ கோர்ட் அனுமானிக்கலாம்.

யார் மேல் சந்தேகம்?

புகார் மனுவில் ஆகப் பெரிய கவனம் தேவைப்படும் வரி இதுதான். சந்தேகம் இருந்தால் காரணத்தோடு எழுதலாம். முந்தைய நாள் கிணற்றடியில் அளந்து பார்த்துக்கொண்டு நின்றார், அதே வயரை விற்கக் கேட்டார் என்பவை காரணங்கள். இன்ன சாதி, இன்ன தெரு என்பது காரணமே அல்ல.

இதைத் தேனி, மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்ததே குற்றத்துக்கு அத்தாட்சி என்று வைத்து, பிரமலைக் கள்ளர்களிடம் கைரேகை வாங்கினார்கள். வெளியூர் போக அனுமதிச் சீட்டும், இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுக்கும் கட்டாயமும் வந்தன. மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த ஊரார் மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 1952 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒழிந்தது. சீர்மரபினர் என்ற பெயரில் வாழும் இச்சமூகத்தவர்களைப் பிறப்பை வைத்துக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்கூட நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்த அநியாயத்தை அனுபவித்த மண்ணில், மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வரும் பழங்குடி இளைஞனையோ வடக்கிலிருந்து வந்த தொழிலாளியையோ முகத்தைப் பார்த்துத் திருடன் என்று சொல்ல யாருக்கும் மனம் வரக் கூடாது.

கையும் களவுமாகப் பிடித்தாலும் அடிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. தன் கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் செய்தவரைப் பொதுமக்கள் பிடித்து வைக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். மரத்தில் கட்டிப்போட்டு ஊர் கூடி அடித்தால் புகார்தாரர் குற்றவாளி ஆகிவிடுவார். 2018 பிப்ரவரி 22 அன்று கேரளத்து அட்டப்பாடியில் அரிசி திருடியதாகச் சொல்லிக் காட்டிலிருந்து பிடித்து வந்து அடிக்கப்பட்ட மது என்ற பழங்குடி இளைஞர் இறந்தார். 2023 ஏப்ரலில் 14 பேரை மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. காய்த் திருட்டுக்குப் பயந்து வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் இதே வகைப் பேராபத்து. பன்றிக்கு வைத்தேன், திருடனுக்கு வைத்தேன் என்ற எந்தப் பதிலும் ஒரு மனித உயிர் போன பிறகு காப்பாற்றாது. சாதாரணத் திருட்டைத் தடுக்க உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போக தற்காப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.

அதற்காகத் திருடனைத் துரத்துவது ஆபத்தில்லாத வேலை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2021 நவம்பர் 21 அதிகாலையில் ஆடு திருடிக்கொண்டு போனவர்களைத் திருச்சி நவல்பட்டிலிருந்து துரத்திப்போன சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். இரவில் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் தனியாக டார்ச்சோடு போவதை விட 112-ஐ அழைத்துவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரர்களைக் கூப்பிடுவதே சரி.

பொருள் கிடைத்துவிட்டால்

மீட்ட பொருளைப் போலீஸ் நேரே கையில் கொடுப்பதில்லை. கோர்ட் வழியாகத்தான் வரும். வழக்கு முடியும் வரை பைக் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி வைத்திருக்கக் கூடாது, போட்டோவும் விவரக் குறிப்பும் எடுத்துக்கொண்டு உரியவரிடம் விரைவில் கொடுத்துவிட வேண்டும் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு அதற்குக் காலக்கெடுவும் வைத்திருக்கிறது. பொருள் கோர்ட்டில் காட்டப்பட்ட 14 நாளுக்குள் பட்டியலும், அதிலிருந்து 30 நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பது என்ற உத்தரவும் வர வேண்டும்.

இதற்காக நடுவர் மன்றத்தில் ஒரு மனு போட வேண்டும். ஆர்.சி. புக், பில், எஃப்.ஐ.ஆர். நகல், ஆதார் ஆகியவற்றோடு போனால் வேலை சுருக்கமாக முடியும். கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவதாக ஒரு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அந்தப் பத்திரம் நடப்பில் இருக்கும் வரை வண்டியை விற்கவோ பெயின்ட் மாற்றவோ கூடாது. ஆடு, மாடு என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தீவனச் செலவு ஏறுவதால், மீட்ட செய்தி வந்த அன்றே மனுவைத் தயார் செய்துவிடுவது நல்லது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களில் பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளவர்கள் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தரும். அதற்கு 15100 என்ற எண்ணில் பேசலாம்.